என் கை பட்டதும் ஓடிய வண்டி

பைக்கில் கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஃபியூஸ் போட மறந்துவிடுகிறார்கள் ஐயா. மீதிப் பேர் போடுகிறார்கள், ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வழியில் எங்காவது வயர் உரசித் தோல் உரிந்தால், கடைசியில் உட்கார்ந்திருக்கிற ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். என் மகளின் வண்டியில் அந்த மாதிரி அரைகுறை வேலை எதுவும் கிடையாது. உங்கள் ஆட்கள் பிரித்துப் பார்த்திருப்பார்கள். சீட்டைத் தூக்கினால் ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, என்ஜினில் படாது, ஹேண்டில்பாரைத் திருப்பினால் இழுபடாது. அத்தனையும் வீட்டு வாசலில் பழைய போர்வை ஒன்றை விரித்துப் போட்டு, அதில் உட்கார்ந்தபடியே செய்தேன். எனக்கு முட்டி வலி உண்டு.

நான் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். நடுவில் கேள்வி கேட்டால் கோர்வை விட்டுப்போகும்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தவன். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு மேலாளர் இருந்தார். நான் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்ப்பார். ஒருநாள் அவர் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். நான் கதவை நெம்பித் திறந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, கட்டிய மனைவி உட்பட. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கொஞ்ச நாளில் அவர் பழையபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அது வேறு விஷயம். அந்தக் கட்டடத்தில் அதற்குப் பிறகும் சில தடவை லிஃப்ட் நின்றது. அதற்கும் இதற்கும் நீங்கள் முடிச்சுப் போட வேண்டாம்.

என் மனைவி எங்களோடு இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் குடி, சீட்டு என்று ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. மூச்சு முட்டுகிறது என்று மட்டும்தான் சொன்னாள். நான் படுக்கையறை ஜன்னலை இடித்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அப்படியும் போய்விட்டாள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் மகள் என்னிடமே இருந்தாள். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன், சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். சைக்கிள் செயின் கழன்றால் "அப்பா" என்று ஒரு சத்தம் வரும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் மிகை என்பீர்கள். மிகை இல்லை.

வளர்ந்து ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிற பெரிய வண்டி ஒன்றை வாங்கினாள். வேறொரு அப்பனாக இருந்தால் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று குதித்திருப்பான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கேட்டது போனுக்கு ஒரு சார்ஜர் மட்டும்தான். பனி விளக்கு, பெரிய ஹாரன், எல்லாவற்றுக்கும் தனி ஃபியூஸ் பெட்டி, ரிலே எல்லாம் நானாகச் சொன்னவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். அவள் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள்.

"என்னப்பா, அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடற மாதிரி இப்படி டேப்பைச் சுத்துறீங்க?"

"ஒயருக்கும் வலிக்கும்ல. நீ பேசாம அந்த கட்டிங் பிளேயரை எடு."

"உங்களுக்கு நான் ஒரு அசிஸ்டெண்ட். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் ஃப்ரீ."

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு வண்டியில் எத்தனை விளக்குத்தான் மாட்ட முடியும்.

முதல் தடவை வண்டி நின்றது உண்மையாகவே என் தப்பு. சார்ஜர் மாட்டின அன்று பேட்டரி முனையில் ஒரு திருகை முழுசாக இறுக்காமல் விட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் வண்டி பொட்டென்று நின்றது. போன் செய்தாள். என் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஹெல்மெட், முகமெல்லாம் தூசி. தூரத்தில் என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். லிஃப்ட் கதவு திறந்ததும் பார்ப்பார்களே, அது. ஆனால் இது என் பிள்ளை. திருகை இறுக்கினேன், வண்டி கிளம்பியது. சாலையோரக் கடையில் இரண்டு பேரும் டீ குடித்தோம். வெகுநாள் கழித்து என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க இல்லேன்னா நான் என்னப்பா பண்ணுவேன்" என்றாள்.

அடுத்த மூன்று பயணத்திலும் வண்டி நிற்கவில்லை. நிற்காதபடி நானேதான் எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருந்தேனே. "போய்ச் சேந்துட்டேன்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும், அதோடு சரி. வீட்டில் நானும் சுவரும். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கழுவின தட்டையே மறுபடி கழுவுவேன். பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. இதை ஒளிக்க என்ன இருக்கிறது.

அயர்ன் பாக்ஸ் சூடேறினதும் தானாக அணைந்து, ஆறினதும் மறுபடி எரிகிறது அல்லவா. அதற்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கிற தகடு வளைந்து இணைப்பு விட்டுப்போகும். ஆறினால் தகடு நிமிர்ந்து இணைப்பு வந்துவிடும். லிஃப்ட் மோட்டாரிலும் இது உண்டு, மோட்டார் கருகாமல் இருக்க. என்னிடம் பழைய சாமான் டப்பாவில் நிறைய கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து, சாவியிலிருந்து என்ஜினுக்குப் போகிற மெயின் வயரை வெட்டி நடுவில் வைத்தேன். பெட்ரோல் டேங்குக்கு அடியில், என்ஜின் சூடு ஏறுகிற இடமாகப் பார்த்து. மேலே கறுப்பு ஸ்லீவ் போட்டு மூடிவிட்டால் கம்பெனி வேலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. வண்டி ஒரு மணி நேரம் ஓடி என்ஜின் கொதித்ததும் நின்றுவிடும். நான் போய்ச் சேருவதற்குள் சூடு ஆறிவிடும். சீட்டைக் கழற்றுவேன், ஏதாவது ஒரு வயரைத் தொடுவேன், ஃபியூஸை எடுத்து ஊதி வைப்பேன். "இப்பப் போடு" என்பேன். முதல் அழுத்திலேயே உறுமும். "உங்க கையில என்னமோ இருக்குப்பா" என்று சிரிப்பாள். வேறு எந்த மெக்கானிக் வந்து பார்த்தாலும் பழுது இருக்காது. பழுது இருப்பது வண்டி சூடாக இருக்கிறபோது மட்டும்தான்.

நான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அப்போதெல்லாம் போனது சமவெளிச் சாலை. நடுவில் ஒரு தடவை டீ குடிக்க நிறுத்துவாள். என்ஜின் அணைந்தாலும் வண்டி உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். அவள் கிளம்புகிற நாளில் நானும் குளித்து, துவைத்த சட்டை போட்டு, ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, பையோடு தயாராக உட்கார்ந்திருப்பேன். போன் அடிக்கும். எல்லாத் தடவையும் நிற்க விடமாட்டேன், சில பயணத்துக்கு முன்னால் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிடுவேன். எப்போதுமே நின்றால் வண்டியை விற்றுவிடுவாள்.

அப்புறம் அந்தத் தாடி வந்தான்.

அவனுக்குப் பெயர் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். நான் தாடி என்றுதான் சொல்வேன், அவனை முதலில் பார்த்தபோது முகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. வண்டிகள் பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருந்தான். கூட்டமாகச் சேர்ந்து ஊர் சுற்றுகிறவர்களுக்கு அவன்தான் முன்னால் போகிற ஆள். வீட்டுக்கு வந்தான். சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கம்பெனில இருந்து வர்ற வண்டிகூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்றான். வேலை தெரிந்தவன்தான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஒருதடவை அவன் கூடப் போகும்போது வண்டி நின்றது. அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் துவைத்த சட்டையோடு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"அங்கிள், வண்டி சூடானாதான் நிக்குது. ஆறிட்டா தானா எடுக்குது. டேங்குக்கு அடியில, ஸ்பார்க்குக்குக் கரண்ட் குடுக்கற காயில் போயிருக்கும்னு நினைக்கிறேன். நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க, பிரிச்சுப் பாத்துடறேன்."

அன்று ராத்திரியே டேங்கைக் கழற்றி அந்தப் பொத்தான் சுவிட்சை எடுத்துவிட்டு வயரைச் சேர்த்து வைத்தேன். மறுநாள் அவன் புதுக் காயில் ஒன்றை மாட்டினான். நன்றாக இருந்த காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு நல்ல காயிலை மாட்டினான், அவ்வளவுதான். ஆனால் வண்டி நிற்பது நின்றுவிட்டது. என் மகள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். "பாத்தீங்களா, உங்களுக்கே பிடிபடாததை அவர் ஒரே நாள்ல பிடிச்சுட்டார்" என்று என்னிடமே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அந்தக் கட்டத்தில் நான் நிறுத்திவிட்டேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வெகுநாள் அந்தப் பொத்தான் என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. அவள் போவாள், வருவாள். நான் உட்கார்ந்திருப்பேன். பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பழகவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். மலை மேல் ஒரு பழைய வீடு வாடகைக்கு வருகிறதாம். அவளும் தாடியும் சேர்ந்து அதில் பைக்கில் வருகிறவர்கள் தங்க இடமும் ஒரு பட்டறையும் நடத்தப் போகிறார்களாம். கல்யாணத்தை அப்புறம் கூட்டம் சேர்க்காமல் எளிமையாகச் செய்துகொள்வார்களாம். தாடி முன்னாலேயே போய் இருப்பான், இவள் போய் வீட்டைப் பார்க்க வேண்டும்.

"நீங்களும் வந்துடுங்கப்பா. மேல நல்லாக் குளிரும், உங்களுக்கு ஒரு ரூம் போட்டுடலாம்."

"நான் அங்க வந்து என்ன பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உக்காந்து ரெஸ்ட் எடுங்க. இனிமே வண்டில என்ன பழுது வந்தாலும் அவர் இருக்கார், நீங்க ஏன் அலையணும்?"

அவள் நல்ல எண்ணத்தில் சொன்னாள். பாசத்தோடுதான் சொன்னாள். தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா, காரமா?" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மலையில் கை விறைக்கும் என்று, ஹேண்டில்பார் பிடியைச் சூடாக்குகிற கம்பிச் சுற்று வாங்கி வந்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அதை மாட்டினேன். அவள் வழக்கம்போல எதிரில் உட்கார்ந்தாள், ஆனால் பாதி நேரம் போனில் தாடியோடு பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் போடுவது என்று பேச்சு. நான் ஸ்பேனரை நானே எடுத்துக்கொண்டேன். உள்ளே போய் டிராயரையும் திறந்தேன்.

பழைய பொத்தானை வைக்கவில்லை. அது ஒரு மணி நேரம் ஓடினால்தான் வேலை செய்யும், அதற்குள் மலையடிவாரத்துக்குப் போய்விடுவாள். அதைவிடக் குறைந்த சூட்டிலேயே விட்டுப்போகிற ஒன்றை எடுத்தேன். ஊர் எல்லையைத் தாண்டி, மேடுபள்ளம் இல்லாமல் நீளமாகச் சமவெளிச் சாலை போகிறதே, அங்கே நிற்க வேண்டும். பத்திரமான இடம். நான் போவேன். அன்றைக்கு மட்டும் என் கை பட்டும் வண்டி கிளம்பாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். வண்டியை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வருவோம். அவள் ஏமாற்றத்தில் கொஞ்சம் அழுவாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். மலை வீடு வேறு யாருக்காவது போய்விடும். இதுதான் என் திட்டம். இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

ஆனால் மழை பிடித்துக்கொண்டது.

அவள் கிளம்பின கொஞ்ச நேரத்தில் நல்ல மழை. குளிர் காற்று. என்ஜின் மேலேயே தண்ணீர் அடித்துக்கொண்டு போனால் சூடு எப்படி ஏறும். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். சமவெளிச் சாலை தாண்டியிருப்பாள் என்று தெரிந்தது. இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கிறீர்கள். பார்க்கலாம். மழை என் கையில் இல்லை ஐயா.

பிறகு போன் வந்தது. அவள்தான். நின்றுவிட்டது, பத்திரமாக நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"அப்பா, மலைக்குக் கீழ டீக்கடையில இருக்கேன். வண்டி ஒரு இடத்துலகூட நிக்கலப்பா! கைப்பிடி கதகதன்னு இருக்கு, உங்க கைக்குள்ள என் கையை வச்ச மாதிரி. மழையும் விட்டுருச்சு, வெயில் அடிக்குது. இதோ மேல ஏறப் போறேன்."

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சரிம்மா. பாத்துப் போ." அவ்வளவுதான் சொன்னேன்.

ஓடி நின்ற வண்டியில் காற்றடிக்காது, சூடு மேலே ஏறி டேங்குக்கு அடியில் தங்கும். அவள் டீ குடிக்கிற நேரத்தில் அந்தப் பொத்தான் பாதிச் சூடு ஏறியிருக்கும். மேலே ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மெதுவாக உறுமிக்கொண்டு போனால் மீதிச் சூடு. இது எனக்குத் தெரியும். இதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலையாக இருந்தது.

பொத்தானைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "அங்கேயே இரும்மா, நான் வந்துடறேன்" என்று ஒரு வாக்கியம் போதும். ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள், உட்கார்ந்திருப்பாள். அந்த வாக்கியம் என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பாருங்கள், நானாகப் போவது வேறு, அவள் கூப்பிட்டு நான் போவது வேறு. நானாகப் போனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அவள் சலித்துக்கொண்டு, "எதுக்குப்பா வந்தீங்க" என்பாள். அவள் அம்மா அப்படித்தான் கேட்பாள்.

மேலே நின்றால் அவள் தாடியைத்தான் கூப்பிடுவாள், அவன்தான் பக்கத்தில் இருக்கிறான் என்கிற நினைப்பு அப்போது எனக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. வந்தது. அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு, அடிக்கும் என்று காத்திருந்தேன்.

வளைவில் லாரியைத் தாண்டுகிற நேரத்தில் நின்றிருக்கிறது. பாதி தாண்டியிருக்கிறாள். ஓரத்துக்கு வர வழியில்லை, வேகம் எடுக்க என்ஜின் இல்லை. எதிரில் பஸ். அந்த டிரைவர் தன்னால் முடிந்தவரைக்கும் பிரேக் பிடித்தாராம், அவரைக் குறை சொல்ல முடியாது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். தாடி மருந்து வாங்கப் போயிருந்தான். கண்ணைத் திறந்தாள், மேலே பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "நடுவுல நின்னுடுச்சுப்பா" என்றாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பார்வை வந்தது ஐயா. மைல்கல்லில் இருந்து எழுந்து நின்றபோது பார்த்தாளே, அதைவிட நூறு மடங்கு. நீங்கள் எதை எழுதாமல் விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அழுதுகொண்டும் இருந்தேன். அப்படியும் சந்தோஷமாக இருந்தது.

வீட்டை அவளுக்காக மாற்ற ஆரம்பித்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசல்படியை எடுத்துவிட்டுச் சரிவு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அழைப்பு மணி. மணியை அழுத்தினால் சமையலறையிலும் வாசலிலும் என் அறையிலும் அடிக்கும். ஃபியூஸெல்லாம் முறையாகப் போட்டிருக்கிறேன்.

அவள் வரவில்லை. அவள் அம்மா வந்து ஆஸ்பத்திரியில் இருந்து நேராகத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி சொல்லப்போவதில் தப்பு என் பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் வந்து விசாரித்தபோது, கடைசியாக டேங்கைக் கழற்றினது யார் என்று கேட்டீர்கள். தாடி காயில் மாற்றினான் என்று சொன்னேன். அது பொய் இல்லை, அவனும் கழற்றினான். அந்தப் புதுக் காயிலுக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருந்ததால் நீங்கள் அவனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். மகள் எனக்குப் போன் செய்தாள். எவ்வளவு நாள் கழித்து வந்த போன் தெரியுமா.

"அவர் அப்படிச் செய்யற ஆளா? நீங்க எதுக்குப்பா அவர் பேரைச் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன்மா. நீ சாப்பிட்டியா?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒருதடவை அவள் அம்மா எடுத்து, "அவ உங்ககூடப் பேச மாட்டாளாம். இனிமே கூப்பிடாதீங்க" என்றாள். நேரில் போனேன். கதவைத் திறக்கவில்லை. செயற்கைக் கால் பொருத்தப் போகிறார்களாம், பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். அதன் பட்டையும் கொக்கியும் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று யார் பார்ப்பார்கள். நான் பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, ரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். என்னால் முடியவில்லை ஐயா. அவள் செத்துப்போயிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லக் கூடாததுதான், நினைத்தேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொத்தானை வைத்தது நான். வயரை வெட்டினது, குறைந்த சூட்டுக்குப் பார்த்து எடுத்தது, ஸ்லீவ் போட்டு மூடினது எல்லாம் என் கை. தாடிக்கு ஒன்றும் தெரியாது. மலை ஏறப் போகிறாள் என்று தெரிந்தே நான் பேசாமல் இருந்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரு அப்பாவிப் பையன் எனக்காக உள்ளே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் நானாக வந்தேன்.

ஒன்றே ஒன்று. இதை அவளிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்வீர்கள் அல்லவா? அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், அவளிடமே சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், காரணம் தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. தாடியிடமும் இருக்காது. அதற்கு அவள் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே கைவைத்த நாற்காலி ஏதாவது இருக்கிறதா? அவளால் இப்போது ரொம்ப நேரம் நிற்க முடியாது.